காற்று வரும் பக்கம்

பூபாலனுக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்து நின்றான். நின்றால் வார்டு வாசல் வரைக்கும் நடந்தான். வாசலில் இருந்த செக்யூரிட்டி, "எத்தினி தபா சொல்றது, அங்கயே குந்து" என்று திருப்பி அனுப்பினார். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நாளெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமையானால் மாமல்லபுரம் வரைக்கும் போய் வருவான். ஓரிடத்தில் கிடப்பது அவன் உடம்புக்கே ஒத்து வராது. அதிலும் உள்ளே மூக்கில் குழாயோடு படுத்திருப்பது அவன் பெண்சாதி வரலட்சுமி.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை காலையில் அவள் பாத்ரூம் கழுவப் போனாள். சுவரெல்லாம் கருகருவென்று பூசணம். ஆசிட் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. போகாத எரிச்சலில் பிளீச்சிங் பவுடரையும் அதன் மேலேயே அள்ளிக் கொட்டினாள். இரண்டும் சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அந்த ஆசிட்டைத் தெருவில் விற்றுக்கொண்டு வந்தவனிடம் வாங்கிக் கொடுத்த பூபாலனுக்கே தெரியாது. சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தவன் தொப்பென்று சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தபோது, அவள் பாத்ரூம் வாசப்படியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பேச்சு வரவில்லை, மூச்சும் வரவில்லை. அதிலிருந்து அவன் சோற்றில் கை வைத்தால் அந்த வாய்தான் கண் முன்னே வந்து நின்றது.

சனிக்கிழமை காலையில் டாக்டரம்மா வந்தார். நாளை மதியம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். பூபாலன் கும்பிடக் கை தூக்குவதற்குள், "ஆனா ஒண்ணு" என்றார்.

"நுரையீரல் புண்ணாகி இருக்கு. இனிமே வீட்டுல ஆசிட், பிளீச்சிங், பினாயில் எதுவும் கூடாது. சுவத்துல பூஞ்சையும் இருக்கக் கூடாது. ரெண்டுமே இவங்களுக்கு ஆகாது."

"ஆசிட் ஊத்தாம பூசணம் எப்டி மேடம் போவும்?"

"தேய்ச்சாப் போகும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த செங்கல்வராயன் தொண்டையைச் செருமினார். வரலட்சுமியின் அண்ணன். படாளத்தில் பயிர் வைக்கிறவர், அறுப்பு மிஷின் வாடகைக்கு விடுகிறவர், எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறப்பவர்.

"மாப்ள, உங்கூட்டு பாத்ரூம நான் பாத்தவன்தான். அதுக்குள்ள மனுசன் போவானா? தங்கச்சிய நான் எங்கூட்டுக்கு இட்னு போறேன்."

"எத்தினி நாளைக்கு மச்சான்?"

"அது அவ இஷ்டம்."

அவ இஷ்டம் என்ற வார்த்தை பூபாலனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் திரும்பி வராமலே இருந்துவிடவும் கூடும் என்பதுதானே அதற்கு அர்த்தம். "நாளைக்கு மத்தியானம் வந்து பாரு. செவுரு பளிச்சுனு இல்லன்னா நீயே இட்னு போ, நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டான். சொல்லி முடித்ததும்தான், தன் வாழ்நாளில் ஒரு பாத்ரூமைக்கூடத் தான் கழுவியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கொளவாய் ஏரிப் பக்கத்தில் அவன் வீடு. பாத்ரூமைப் பற்றி அதுவரை அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வெந்நீர், சோப்பு, துண்டு, அவ்வளவுதான். இப்போது வாசலில் நின்று முதல்முறையாக அந்த அறையை நன்றாகப் பார்த்தான். டைல்ஸ் இடுக்கெல்லாம் கருப்பு. மேல் சுவரில் திட்டுத் திட்டாகப் பூசணம். போர் தண்ணி உப்பு படிந்து குழாய் வெள்ளையாகச் சொரசொரத்துக் கிடந்தது. பக்கெட்டின் அடியில் கொழகொழவென்று பாசி. தினமும் இதற்குள்தான் குளித்துவிட்டு, விபூதி வேறு பூசிக்கொண்டு வண்டி எடுத்தோமா என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது.

மகள் கீர்த்தனாவுக்குப் போன் போட்டான். செய்யூரில் கட்டிக்கொடுத்த பெண். பச்சைக் குழந்தைக்காரி, ஓடி வர முடியாது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு வேலையைச் சொன்னாள்.

"மொதல்ல வெறும் தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவுப்பா. அம்மா ஊத்துனது செவுத்துல ஒட்டிகினு இருக்கும். அது சுத்தமா போனாத்தான் மத்தது. மூக்குல துணி கட்டிக்க. கதவத் தொறந்து வை. அப்பால சோடாவத் தண்ணில கொழச்சு அப்பி, ஊறவுட்டு, பிரஷ்ஷால தேய்ச்சுட்டு வெந்நி ஊத்து. கொழாய்க்குப் புளி போதும்."

மளிகைக் கடைக்கு ஓடினான். அவசரத்தில், "அண்ணாத்த, சோடா குடு சீக்கிரம்" என்றான். வேர்த்து விறுவிறுத்து நின்ற ஆளைப் பார்த்துக் கடைக்காரர் பரிதாபப்பட்டு, ஒரு பாட்டிலை டொப்பென்று உடைத்து நீட்டினார். பூபாலனும் வாங்கிக் குடித்துவிட்டான். குடித்து ஏப்பம் விட்ட பிறகுதான், "ஐயோ, இது இல்ல, ஆப்பத்துக்குப் போடற சோடா" என்றான். கடையில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். "ஆப்பம் சுடப் போறியா?" என்று கடைக்காரர் கேட்டார். பாத்ரூம் கழுவ என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

தண்ணீர் ஊற்றிக் கழுவி முடிக்கவே இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. அப்புறம் சோடா. அடை மாவு பதத்துக்குக் குழைத்து இடுக்கு இடுக்காக அப்பினான். ஊறும் வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் வெளியே வந்து ஆட்டோவைத் துடைத்தான், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான், உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். பிறகு பழைய டூத்பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். முதல் இடுக்கு வெளுத்துத் தெரிந்தபோது அவனுக்கு நம்ப முடியவில்லை. ஊறவைத்த புளியால் குழாயைத் தேய்த்தான், உப்புக்கறை விட்டுப்போய்ப் பளபளத்தது. பிடிக்காத மூலைக்கு எலுமிச்சம்பழத் தோல். சாயங்காலம் கை விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன, முட்டி எரிந்தது, ஆனால் மேல் சுவரில் ஒரே ஒரு இடத்தைத் தவிர அறை முழுவதும் வெள்ளையாக இருந்தது. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினான். மச்சானுக்கும் அனுப்பலாமா என்று யோசித்து, நாளைக்கு நேரிலேயே பார்த்து மூக்கறுபடட்டும் என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பல் விளக்கக்கூட இல்லை, பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தான். சுவர் வேர்த்திருந்தது. நேற்று ஊற்றிய தண்ணீர் அப்படியே முத்து முத்தாக நின்றது. அந்தப் பழைய ஊசல் வாடை கொஞ்சமும் போகவில்லை. மேல் சுவரில் விடாப்பிடியாக நின்ற அந்தக் கருப்பு, ஒரே ராத்திரியில் கொஞ்சம் அகலமானது போலக்கூட அவனுக்குத் தோன்றியது.

டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து வாசலில் வைத்தான். உள்ளே இருக்கிற ஈரக் காற்றை அது உள்ளேயே சுற்றிச் சுற்றி அடித்தது. பழைய வேட்டியால் சுவரைத் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கசிந்தது. சோடா மாவைக் குழைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, அந்தக் கருப்பு இடத்தை ஆங்காரத்தோடு தேய்த்தான். தேய்த்த கை திடீரென்று நின்றது. அந்த இடம் மட்டும் சதுரமாக இருந்தது. கருப்பு அந்தச் சதுரத்தைச் சுற்றித்தான் கிளம்பி மற்ற சுவருக்கெல்லாம் பரவியிருந்தது. அங்கே ஒரு காலத்தில் வெண்டிலேட்டர் இருந்தது. அதைச் செங்கல் வைத்து அடைத்தது அவன்தான்.

அந்தக் கதையைச் சொன்னால் யாரானாலும் சிரிப்பார்கள். அப்பன் போன பிறகு மனையை இரண்டாக்கி, அவனும் தம்பி கலைவாணனும் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். பூபாலன் வீட்டு பாத்ரூம் வெண்டிலேட்டர் தம்பி வீட்டுத் தோட்டத்தைப் பார்த்து இருந்தது. தம்பி வீட்டு சமையலறை ஜன்னல் பூபாலன் வீட்டு முற்றத்தைப் பார்த்து இருந்தது. ஒரு புரட்டாசி சனிக்கிழமை, பூபாலன் நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு பெருமாளுக்குப் படைத்த தளிகைக்கு இலை விரித்து உட்கார்ந்திருக்கிறான், அந்த ஜன்னல் வழியாகக் கருவாடு வறுக்கிற வாசனை கம்மென்று வந்து இலையில் இறங்கியது. எழுந்து போனான். வார்த்தை தடித்தது. பெரியவர்கள் கூடினார்கள். அத்தனை பேர் நடுவில் பூபாலன் கையை ஓங்கிச் சொன்னான்: "இவங்கூட்டுக் காத்துகூட எங்கூட்டுப் பக்கம் வரக்கூடாது!" அப்படியானால் ரெண்டு பேரும் அடைத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைந்துபோனார்கள். கொத்தனார் வந்து சமையலறை ஜன்னலை அடைத்தார், வெண்டிலேட்டரையும் அடைத்தார். தம்பி தன் பக்கத்தில் இன்னொரு பூச்சும் பூசிக்கொண்டான். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

அப்போதிருந்தே வரலட்சுமி சொல்லிக்கொண்டிருந்தாள். "உள்ள போனா மூச்சு முட்டுதுய்யா." குழம்பு ஊற்றும்போது சொன்னாள், படுக்கும்போது சொன்னாள். அவளுக்கும் தம்பி பெண்சாதி துர்காதேவிக்கும் ஆகும், இரண்டு பேரும் ஒருவர் தலையை ஒருவர் வாரிவிட்டவர்கள். அதனால் அவள் மூச்சு முட்டுகிறது என்றபோதெல்லாம், ஓரகத்தியோடு சேர வழி தேடுகிறாள், அதைத்தான் சாடை பேசுகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அவள் பேசியது சாடையே இல்லை. உள்ளபடியே மூச்சைத்தான் சொல்லியிருக்கிறாள். ஸ்டூல் மேல் நின்றபடி பூபாலன் வாய்விட்டு, "நான் ஒரு மடையன்" என்றான். கேட்க ஆளில்லாததால் இன்னொரு முறையும் சொன்னான்.

உளியும் சுத்தியும் எடுத்து வந்து கொத்த ஆரம்பித்தான். சிமெண்ட் சில்லு கண்ணில் தெறித்தது. முதல் செங்கல் பெயர்ந்தது, இரண்டாவது பெயர்ந்தது. பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு தளம் வந்தது. அது தம்பி பூசிய பூச்சு. உளியை வைத்து ஒரு போடு போட்டால் பொத்துக்கொள்ளும். வைத்தான், சுத்தியை ஓங்கினான், அடிக்கக் கை வரவில்லை. அடுத்தவன் பக்கத்துப் பூச்சை உடைத்து வம்பு கிளம்பினால், மச்சான் வருகிற நேரத்தில் இங்கே சண்டைதான் நடக்கும். அதைவிட, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனிடம் வாயைத் திறந்து கேட்காமல் உடைத்தால், அன்றைக்குச் செய்ததையே இன்றைக்கும் செய்ததாகும். பெரியாஸ்பத்திரியில் வரலட்சுமி புறப்படுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் இறங்கினான்.

தெரு வழியாகச் சுற்றித் தம்பி வீட்டு கேட்டுக்கு வந்தான். தலையெல்லாம் சிமெண்ட் தூசி, கையில் சுத்தி. துணி உலர்த்திக்கொண்டிருந்த துர்காதேவி அவனைப் பார்த்துப் பயந்துபோய், "என்னாங்க, இங்க வாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். பிறகு தான் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அக்கா எப்டி கீறாங்க மாமா?"

"இன்னிக்கு வர்றா."

கலைவாணன் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தான். கேட்டைத் திறக்கவில்லை.

"காலைலேருந்து இன்னா அங்க டொக்கு டொக்குனு?"

"வெண்டிலேட்டர ஒடைக்கிறேன்டா. எம் பக்கம் ஒடச்சுட்டேன். உம் பக்கத்துப் பூச்சுதான் கீது."

"அன்னிக்கு அத்தினி பேருக்கு முன்னால நீ இன்னா சொன்ன, நெனப்பு கீதா?"

"கீது."

"சொல்லு, கேப்போம்."

பூபாலன் சுத்தியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. வாசப்படியில் திறந்து திறந்து மூடிய அந்த வாய் கண்ணில் வந்தது.

"உங்கூட்டுக் காத்துகூட வேணான்னு சொன்னேன். இப்ப உங்க அண்ணிக்கு அந்தக் காத்துதான்டா வேணும். அவளுக்கு மூச்சு வரல. கதவத் தொறந்தா மட்டும் பத்தாது. செவுரு காய மாட்டேங்குது."

கலைவாணன் கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தான். "அண்ணி மூச்சுக்குக் குறுக்க நிக்கிறவனா நானு?" என்றான். "ஆனா இவளும்தான் இத்தினி வருஷமா பொகைக்குள்ள நின்னு சமைக்கிறா. எங்க ஜன்னலும் தொறக்கணும்."

"தொற."

"புரட்டாசி சனிக்கிழமையும் தொறந்துதான் இருக்கும்."

பூபாலன் ஒரு தரம் விழுங்கினான். "புரட்டாசியும்தான்" என்றான்.

துர்காதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கலைவாணன் சிரிக்கவில்லை, கேட்டைத் திறந்து அண்ணன் கையிலிருந்த சுத்தியைப் பிடுங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தான். பூபாலன் ஓடிப்போய் பாத்ரூமுக்குள் நின்றான். மூன்றாவது போடில் பூச்சு உதிர்ந்தது. வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே விழுந்தன. ஓட்டை வழியாகத் தம்பியின் மூக்கும் மீசையும் தெரிந்தன. "போதுமா, இன்னும் பெருசு பண்ணட்டா?" என்று அந்த மீசை கேட்டது. பெருசு பண்ணு என்றான் பூபாலன். பிறகு சில்லையெல்லாம் வாரிக் கொட்டி, சோடாவும் வெந்நீருமாக அந்தச் சதுரத்தையும் தேய்த்து எடுத்தான். பின்னாலிருந்து ஃபேனும் முன்னாலிருந்து ஓட்டையும் சேர்ந்ததும் சுவர் கண்ணெதிரே வெளுக்க ஆரம்பித்தது. குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு, ஆட்டோவை எடுத்துப் பறந்தான்.

மதியம் அவளைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தான். மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்த செங்கல்வராயன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பாத்ரூமுக்குப் போனார். டைல்ஸை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். குழாயைத் திருகினார். மேலே ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். பூபாலன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கதவோரம் இருப்புக்கொள்ளாமல் நின்றான்.

"பளிச்சுனுதான் கீது மாப்ள. நான் பேச வழியில்ல" என்றார். "லட்சுமி, நீ இங்கயே இரும்மா."

வரலட்சுமி சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்தாள். வாசப்படியில் நின்று உள்ளே பார்த்தாள். ஓட்டை வழியாகத் துர்காதேவி, "அக்கா, வந்துட்டியா" என்று கூப்பிடும் குரல் கேட்டது. வரலட்சுமிக்குக் கண் நிறைந்தது. பதிலுக்குக் குரல் எழும்பவில்லை, கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"நல்லா பண்ணிகீற" என்றாள். "நான் படாளம் போறேன்."

பூபாலனுக்குக் காது அடைத்துக்கொண்டது. "ஏன்? அதான் போயிட்சே! பூசணம் ஒரு பொட்டு கூட இல்லியே! மச்சானே சொல்லிட்டாரே!"

"பூசணத்துக்காகவா போறேன்?" மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "எத்தினி வருஷமா சொன்னேன். நான் வுழுந்தப்புறம்தானே உனக்குக் கேட்டுது. டாக்டரு சொன்னாங்க, கேட்டுகின. அண்ணன் சொல்லிச்சு, கேட்டுகின. நான் சொன்னது மட்டும் உனக்குப் பேச்சாவே தெரியல. எனக்கு மனசு ஆறலய்யா. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வழக்கமாகச் சொல்கிறதுதான் முதலில் நாக்கில் வந்தது: இப்ப இன்னா ஆயிட்சுன்னு பேஜார் பண்ற. அதை அப்படியே விழுங்கிக்கொண்டான். "சரி" என்றான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவன் பட்ட பாடு, சுவரைத் தேய்க்கப் பட்ட பாட்டைவிடப் பெரிது. மோட்டார் சைக்கிளில் அவளால் உட்கார முடியாது. அதனால் அவளைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற வேலையும் அவன் தலையில்தான் விழுந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோ போனது. முன்னால் மச்சானின் மோட்டார் சைக்கிள். பின் சீட்டில் வரலட்சுமி, மடியில் துணிப்பை. லாரிகள் இடித்துத் தள்ளுவது போலத் தாண்டிப்போயின. எதிர்க்காற்று சடசடவென்று உள்ளே அடித்தது. பூபாலன் ரோட்டைப் பாதி, கண்ணாடியில் அவள் முகத்தைப் பாதியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அவள் கண்ணை மூடியிருந்தாள். அது தூக்கமா, களைப்பா, கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டி இத்தனை வருஷமான பெண்சாதியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியவில்லையே என்று அவனுக்கு அழுகை வந்தது.

"காத்து ஜாஸ்தியா கீதா? படுதா எறக்கி வுடட்டா?"

"வேணாம்."

கொஞ்ச தூரம் போனார்கள்.

"ஆட்டம் ஜாஸ்தியா? மெதுவா போவட்டா?"

"இல்ல. போ."

மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தான். "மூச்சு?"

அவள் கண்ணைத் திறந்து, கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

"இப்ப நல்லா கீது" என்றாள். "கேட்டுகினே வா."